தாம்பரத்திலிருந்து வரும் உங்கள் பாரம்பரிய நடனம்

1

அடுத்த மாதம் இரண்டாவது சனிக்கிழமை மாலை, ஈப்போவில் ஒரு மண்டபத்தில், தாம்பரத்துப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து வரும் பதினாறு பெண்பிள்ளைகளும் ஆறு பையன்களும் உங்கள் பாரம்பரிய நடனத்தை உங்களுக்கே ஆடிக் காட்டப் போகிறார்கள். பெண்கள் ஆடுவார்கள். பையன்கள் மரமாக நிற்பார்கள். அழைப்பிதழில் 'மலேசிய மண்ணின் தொன்மையான பால்வெட்டு நடனம்' என்று தங்க எழுத்தில் போட்டிருக்கிறது.

அப்படி ஒரு நடனம் நம்மிடம் இல்லை என்பது எனக்கும் தெரியும். இருப்பதுபோல அன்று ஒருநாள் நடந்துகொள்ளும்படி உங்களைக் கேட்டுக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

அழைப்பிதழைக் கொண்டுவந்து காட்டியவர் எங்கள் பள்ளித் தாளாளர் கோதண்டம். என் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்தார்.

"இன்னா மாஸ்டர், உங்க ஊருக்கே போய் உங்க டான்ஸ ஆடப் போறோம். மூஞ்சில ஒரு சந்தோசத்தக் காணோம். வவுறு கிவுறு சரியில்லியா?"

வயிற்றுக்கு ஒன்றுமில்லை. கடந்த பன்னிரண்டு ஆண்டுகளாக இந்தியாவில் நான் தங்கியிருப்பதற்கு அரசாங்கக் கோப்பில் எழுதியிருக்கும் ஒரே காரணம் அந்த நடனம். அது பொய் என்று சொல்லத் தெரிந்தவர்கள் உலகத்தில் ஒரே இடத்தில்தான் இருக்கிறார்கள். குழு அங்கேதான் கிளம்புகிறது.

2

என்னை மறந்துபோனவர்களுக்காகச் சொல்கிறேன். சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில், மரத்தில் பால் வெட்டும் அம்மாவுக்கு ஒரே பையனாகப் பிறந்தவன். கோயில் திருவிழாவில் சலங்கை கட்டி ஆடியபோது "ஆம்பளப் பிள்ளைக்கு எதுக்குடா இது" என்று வேலையை மேற்பார்க்கும் மண்டோரும், "ஆடட்டும், மரம் வெட்டறதுக்கு நான் இருக்கேன்" என்று அம்மாவும் சொன்னார்கள். அம்மா சொன்னதை நம்பி எழுபதுகளின் தொடக்கத்தில் நாட்டியம் படிக்க மெட்ராஸ் வந்தேன். தாம்பரத்தில் அறை எடுத்ததற்குக் கலைக் காரணம் எதுவும் இல்லை. மின்சார ரயில் அங்கிருந்து கிளம்புவதால் உட்கார இடம் கிடைக்கும்.

தமிழ்நாட்டில் தெருவுக்குத் தெரு நாட்டியம் நடக்கும் என்று எண்ணி வந்தவன் நான். தாம்பரத்தில் இறங்கியதும் நான் பார்த்த முதல் அசைவு, மேம்பாலம் ஏறச் சோம்பல்பட்ட ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்டவாளத்தில் இறங்கித் தாண்டியதுதான். அவ்வளவு சுத்தமான அரைமண்டி என் ஆசிரியருக்கும் வந்ததில்லை.

படிப்பு முடிகிற நேரத்தில் கணுக்கால் பிசகியது. கட்டுப்போட்ட நர்ஸ் ஸ்டெல்லாவைக் கல்யாணம் செய்துகொண்டேன். இடையில் ஓராண்டு கதை உண்டு. அது உங்களுக்கு வேண்டாம். பெண் கேட்கப் போன அன்று மாமனாரிடம், நம் ஊர் மரியாதைப்படி, "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டேன். மாலை ஐந்து மணி. அவர் எழுந்தார். உள்ளே போய் மகளிடம், "பையன் சாப்பாட்டுக்கு வழியில்லாம வந்திருப்பான் போலக்குதும்மா" என்றாராம். அன்று எனக்கு ஆறு இட்லி கிடைத்தது. பெண்ணும் கிடைத்தாள்.

வேலை கொடுத்தவர் கோதண்டம். பீர்க்கன்கரணை ஏரியை ஒட்டி அவர் அப்பா நெல் போட்ட இடத்தில் அவர் மெட்ரிகுலேஷன் போட்டார். மழைக்காலம் வந்தால் நிலத்துக்குப் பழைய ஞாபகம் வந்து, ஆறாம் வகுப்பில் கணுக்கால் தண்ணீர் நிற்கும். என் நாட்டிய வகுப்பு ஓலைக் கொட்டகையில், கணக்குக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவில். நாற்பது பெண்கள் தட்டடவு போட்டால் பக்கத்து வகுப்புக் கரும்பலகையிலிருந்து வரைபடம் கீழே விழும். கணக்கில் பாடம் பாக்கி இருந்தால் நாட்டியம் இல்லை. கணக்கில் எப்போதும் பாடம் பாக்கி இருந்தது.

3

வெளிநாட்டுக்காரன் என்பதால் ஆண்டுக்கு ஒருமுறை நகரத்தில் ஓர் அலுவலகத்துக்குப் போய்த் தங்கும் அனுமதியை நீட்டித்துக்கொள்ள வேண்டும். படிக்கும்வரை 'மாணவன்' என்று எழுதினேன். அதன் பிறகு சில ஆண்டுகள் 'நடனம்' என்று எழுதினேன். அதைப் படிக்கும் பொறுமை யாருக்கும் இருக்கவில்லை. எண்பதுகளின் நடுவில் படிக்கிற அதிகாரி ஒருவர் வந்து சேர்ந்தார்.

"என்ன நடனம்?"

"பரதநாட்டியம் சார். தாம்பரத்துக்கு அந்தாண்ட ஒரு ஸ்கூல்ல சொல்லிக் குடுக்கறேன்."

அவர் பேனாவை மூடினார்.

"தமிழ்நாட்டுல பரதநாட்டியம் சொல்லிக் குடுக்க மலேசியாவுலேருந்து ஆள் வரணுமா? எங்க தெருவுல மட்டும் மூணு கிளாஸ் நடக்குது. சாயந்திரமானா வீட்ல நியூஸ் கேக்க முடியல."

நான் சிரிக்கலாமா என்று பார்த்தேன். கூடாது என்று தெரிந்தது.

"நீங்க செய்யற வேலைக்கு இந்தியாவுல வேற ஆள் இல்லைன்னு உங்க ஸ்கூல் எழுதிக் குடுக்கட்டும். பாக்கறேன். இல்லைன்னா..." என்று சொல்லி அவர் சுவர் நாட்காட்டியைப் பார்த்தார். நானும் பார்த்தேன். இருவரும் சேர்ந்து எனக்கு மிச்சமிருந்த முப்பது நாளைப் பார்த்தோம்.

வீட்டுக்கு வந்து ஸ்டெல்லாவிடம் சொன்னேன். மகள் நிர்மலாவுக்கு அப்போது ஆறு வயது. அவள் தரையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

"நாங்க ரெண்டு பேரும் உங்களோட அங்க வந்துட்டா?" என்றாள் ஸ்டெல்லா.

"உங்களுக்கு அனுமதி வாங்க நான் அங்க இதே மாதிரி ஒரு ஆபீஸ்ல போய் உக்காரணும்."

"அப்ப இங்கயே உக்காருங்க. இங்கயாவது எனக்கு வேலை இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். அன்று அவள் பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாக வைத்தாள்.

4

"இன்னா மாஸ்டர், மூஞ்சி பேஜாரா கீது?" என்றார் மறுநாள் கோதண்டம். சொன்னேன்.

"அவ்ளோதானா? ஆள் இல்லன்னு எய்திக் குடுத்தா போச்சு."

"பரதநாட்டியத்துக்கு ஆள் இல்லன்னு எழுதினா சிரிப்பாங்க சார்."

"அப்ப வேற டான்ஸ் போடு. உங்க ஊரு டான்ஸ் ஒண்ணும் கெடையாதா?"

"மலாய்க்காரங்க டான்ஸ் இருக்கு. எனக்கு ஆட வராது. நாங்க அங்கயும் பரதநாட்டியம்தான் சார் ஆடுறோம்."

கோதண்டம் என்னை உண்மையான வருத்தத்தோடு பார்த்தார். "அதுக்கா அவ்ளோ தூரம் கப்பல்ல போனீங்க?"

இதற்குப் பதில் உங்களில் யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள்.

ஸ்டேஷன் பக்கத்தில் தட்டச்சு நிலையத்துக்கு என்னை அழைத்துப் போனார். மலேசியாவின் தொன்மையான நடனம் ஒன்றை இவர் கற்பிக்கிறார், இவரைத் தவிர இந்தியாவில் அது தெரிந்தவர் இல்லை என்று அவர் தமிழில் சொல்லச் சொல்ல, ஒரு பெண் அதை ஆங்கிலத்தில் அடித்துக்கொண்டே வந்தாள். நடனத்தின் பெயர் என்ன என்று அவள் நிமிர்ந்ததும் கோதண்டம் என் பக்கம் திரும்பினார்.

"உங்கம்மா அங்க இன்னா வேல செய்றாங்க?"

"பால் மரம் வெட்டுறாங்க."

"பால்வெட்டு டான்ஸ்னு போடும்மா."

அவ்வளவுதான். தொன்மை அந்த இடத்தில் பிறந்தது.

அத்தோடு விட்டிருந்தால் நான் பிழைத்திருப்பேன். மூன்றாம் நாள் கோதண்டம் கொட்டகைக்கு வந்து, "லெட்டர நானே போய்க் குடுத்துட்டேன் மாஸ்டர். ஆபீசர் தங்கமான மனுசன். ஆண்டு விழாவுக்கு அவரையே சீஃப் கெஸ்ட்டா கூப்ட்டுட்டேன். டான்ஸ நேர்ல பாக்கறேன்னாரு" என்றார்.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். எந்தக் கையெழுத்து வரவேண்டியிருக்கிறதோ அந்தக் கையெழுத்துக்காரர்தான் அந்த ஆண்டு எங்கள் பள்ளியின் சிறப்பு விருந்தினர். கட்டட வரைபடம் பார்க்க வேண்டியவர் முதல் ஆண்டு வந்தார். வாசல்வரை ரோடு போட வேண்டியவர் அடுத்த ஆண்டு. இதில் தவறாக எதுவும் கைமாறுவதில்லை. ஒரு பொன்னாடை, ஒரு சந்தன மாலை, எலுமிச்சம்பழம். அதைப் போட்டுக்கொண்ட ஒருவரால் அடுத்த வாரம் முகத்தைச் சுளிக்க முடியாது என்பது கோதண்டத்தின் கணக்கு. அந்தக் கணக்கில் என்னைக் கேட்காமல் என்னையும் சேர்த்துவிட்டார்.

ஆண்டு விழாவுக்கு மூன்று வாரம் இருந்தது.

5

எனக்குத் தெரிந்த ஒரே மலேசியத் தொன்மை அம்மாவின் வேலை. அதையே அடவாகப் பிரித்தேன். நெற்றியில் விளக்கு. மரத்தைச் சுற்றி அரைவட்டம். உளியைப் பட்டையில் வைத்து மேலிருந்து கீழே ஓர் இழுப்பு. பால் வடியும் மங்கு என்ற கிண்ணத்தைத் திருப்பி வைத்தல். காண்டாக் கம்பைத் தோளில் ஏற்றி, இரு பக்கமும் வாளி தளும்பாமல் நடை. கடைசியில் மழை வந்து எல்லோரும் ஓட்டம். மரத்தைச் சுற்றும்போது அம்மா இடது காலைத்தான் முதலில் வைப்பார். நாட்டியத்தில் முதல் கால் வலது. இரண்டு நாள் யோசித்து அம்மா காலையே வைத்துக்கொண்டேன்.

உளிக்குத் தோசைத் திருப்பி. மங்குக்குக் கொட்டாங்கச்சி. ஒரே நிறத்தில் அத்தனை வாளி தாம்பரம் மார்க்கெட்டில் கிடைக்காததால் பச்சை, சிவப்பு, நீலம். நெற்றி விளக்குக்குச் சின்ன டார்ச்சைச் சைக்கிள் டியூபில் வெட்டிய பட்டையால் கட்டினோம். மேடையில் இருந்தவற்றில் மலேசியாவிலிருந்து வந்திருக்க வாய்ப்புள்ளது அந்த ரப்பர் ஒன்றுதான். மரங்களுக்கு எட்டாம் வகுப்பில் அசையாமல் நிற்கக்கூடிய ஆறு பையன்களைக் கேட்டேன். அப்படி யாரும் இல்லை என்று வகுப்பாசிரியர் சொன்னார். கிடைத்த ஆறு பேரை எடுத்துக்கொண்டேன்.

முன்வரிசையில் ஆடியவள் எட்டாம் வகுப்புத் தேன்மொழி. எதையும் கேட்காமல் ஆடமாட்டாள்.

"சார், மரத்த வெட்டினா பால் வருமா?"

"வரும்."

"அப்ப அந்த ஊர்ல மாடு இன்னா சார் பண்ணும்?"

அடுத்தது பாட்டு. மலாய்ப் பாட்டு எனக்குத் தெரியாமல் இல்லை. நம் பள்ளிக்கூடத்தில் பாடியவை நிறைய இருந்தன. ஆனால் எதுவும் உளி இழுக்கும் தாளத்தில் வந்து உட்கார மறுத்தது. உட்கார்ந்தவை நான் பஸ்ஸில் போகவரப் படித்த அறிவிப்புப் பலகைகள். 'தோலாக், தாரிக்' என்று வங்கிக் கதவில் எழுதியிருக்குமே, தள்ளு, இழு என்று, அது உளிக்கு அளந்து தைத்ததுபோல இருந்தது. 'இக்குட் கிரி', இடப்பக்கம் செல்க. அதைப் பாடினால் பிள்ளைகள் இடப்பக்கம் போனால் போதும். 'பெர்ஹெந்தி' என்றால் நிற்க வேண்டும். மழை வரும்போது, சொற்கள் தீர்ந்துபோய்விட்டதால், 'டிலாராங் மெரோகோக், டிலாராங் மெரோகோக்' என்று பாடிக்கொண்டே ஓட்டம். புகைபிடிக்காதீர்கள். பதினாறு சிறுமிகள் இதை எவ்வளவு பக்தியோடு பாடினார்கள் என்பதை நான் சொல்லி நீங்கள் நம்பமாட்டீர்கள். அடுத்த மாதம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நிர்மலா வீட்டில் ஒத்திகையைப் பார்த்துவிட்டு, "மலேசியா ஆயா வூட்ல எல்லாரும் வாளிய வெச்சுகினா ஆடுவாங்க?" என்றாள்.

"வெச்சுகினு இல்லம்மா. வெச்சுக்கிட்டு."

"நீ கூடத்தான் பசியாறிட்டியான்னு கேக்குற. யாரு அப்டி பேசறா?"

ஸ்டெல்லா சிரிப்பை அடக்கிக்கொண்டு காய் நறுக்கினாள். பிறகு என்னிடம் மெதுவாக, "ஏங்க, அந்த ஆபீசருக்கு மலாய் தெரிஞ்சிருந்தா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியை அவள் மூன்று வாரம் முன்னால் கேட்டிருக்கலாம்.

6

எங்கள் ஆண்டு விழாவில் முதலில் வரவேற்பு நடனம். தட்டில் பூ ஏந்திய எட்டுப் பெண்கள், சிறப்பு விருந்தினர் பந்தலுக்குள் காலெடுத்து வைக்கும்போது தூவி ஆடவேண்டும். "கார் வர்துபா" என்று வாசலில் குரல் கேட்டதும் பாட்டைப் போட்டோம். காரிலிருந்து இறங்கியவர் சமோசா கொண்டுவந்தவர். எட்டுப் பெண்களும் அவருக்குப் பூத்தூவி முடித்தார்கள். அவரும் கடைசிவரை கைகூப்பி நின்றார். இரண்டாவது கார் கோதண்டத்தின் மைத்துனருடையது. அவருக்கும் ஆடினோம். மூன்றாவதாக அதிகாரி ஆட்டோவில் வந்து சேர்ந்தபோது தட்டில் பூ இல்லை. பெண்கள் வெறும் கையை வீசி வீசி ஆடினார்கள். அவர் சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

இன்னொரு வழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். பள்ளி நடனத்தில் பிள்ளைகள் எதையும் மனப்பாடம் செய்வதில்லை. மாஸ்டர் பக்கவாட்டுத் திரைக்குப் பின்னால் நின்று முழு நடனத்தையும் ஆடுவார். பிள்ளைகள் அவரைப் பார்த்துக்கொண்டே ஆடுவார்கள். சபைக்குத் தெரிவது நாற்பது இடது காதுகள். எந்தப் பெற்றோரும் இதைக் குறையாக எடுத்துக்கொண்டதில்லை. தன் பிள்ளையின் காது அவர்களுக்கு அடையாளம் தெரியும்.

ஏழரை மணிக்குப் பால்வெட்டு. ஆறு மரங்கள் கோணிப்பையைச் சுற்றிக்கொண்டு நின்றன. பதினாறு பெண்களும் வரிசையாக வந்து, வழக்கம்போல என் பக்கம் தலையைத் திருப்பினார்கள். நான் திரை மறைவில் தோசைத் திருப்பியோடு அரைமண்டி போட்டேன். முன்வரிசையில் அதிகாரி கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். 'தோலாக்' என்று ஒலிநாடா பாடியது. 'தாரிக்' வருவதற்குள் மின்சாரம் போயிற்று.

பாட்டு நின்றது. பந்தல் முழுக்க "ஓ" என்று ஒரு சத்தம். கோதண்டம் இருட்டில் யார் பெயரையோ சொல்லி ஜெனரேட்டர் ஜெனரேட்டர் என்று கத்தினார். முடிந்தது என்று நினைத்தேன். அனுமதி, ஸ்டெல்லா, நிர்மலா எல்லாரும் அந்த ஒரு நொடியில் வரிசையாக வந்து போனார்கள்.

அப்போது இருட்டில் ஒரு சின்னக் குரல் 'தாரிக்' என்றது. தேன்மொழி. பின்னாலேயே மற்றவர்களும். நாடா நின்ற இடத்திலிருந்து எடுத்து அவர்களே பாடினார்கள். நெற்றி டார்ச்சுகள் மட்டும் எரிந்துகொண்டிருந்தன. என்னைப் பார்க்க முடியாததால் பிள்ளைகள் முதல்முறையாகத் தலையை நேராக வைத்து ஆடினார்கள். பதினாறு வெளிச்சம். மரத்துக்கு மரம் போய், அரைவட்டம் சுற்றி, கொஞ்சம் குனிந்து, நிமிர்ந்து, அடுத்த மரம்.

நான் ஆடுவதை நிறுத்திவிட்டேன். ஐந்து வயதில், விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போன அம்மாவைத் தேடிக்கொண்டு எங்கள் லயத்து வீட்டு வாசலில் நின்றால் தூரத்தில் இப்படித்தான் தெரியும். எந்த வெளிச்சம் அம்மா என்று கண்டுபிடிக்க முடியாது. ஏதாவது ஒன்றை வைத்துக்கொள்வேன்.

நடனத்தில் மழை வந்தது. புகைபிடிக்காதீர்கள், புகைபிடிக்காதீர்கள் என்று பாடிக்கொண்டே எல்லோரும் ஓடினார்கள். ஒரு வாளி உருண்டு கீழே விழுந்தது. கடைசி விளக்கு உள்ளே போனதும் மின்சாரம் வந்தது. மேடையில் ஆறு மரங்கள் மட்டும் நின்றன. அவர்களை உள்ளே வரச்சொல்ல எல்லோரும் மறந்துவிட்டோம்.

கைதட்டல் வர நேரமாயிற்று. வந்த பிறகு நிற்க நேரமாயிற்று.

அதிகாரி ஒலிபெருக்கியில் அதிகம் பேசவில்லை. அடுத்த வாரம் அலுவலகத்தில் என் கோப்பில் அவர் எழுதியதை எதிரே உட்கார்ந்து தலைகீழாகப் படித்தேன். 'இந்தக் கலைக்கு இவரைத் தவிர இந்தியாவில் ஆள் இல்லை.' அந்தக் கோப்பில் முழு உண்மையான முதல் வாக்கியம் அது. உலகத்திலேயே ஆள் இல்லை.

முத்திரை குத்திவிட்டு அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"என் மச்சான் பினாங்குல பத்து வருஷம் இருந்தார். கேட்டேன். இப்படி ஒரு டான்ஸே கிடையாதுங்கறார்."

நான் முத்திரையின் ஈர மையைப் பார்த்தேன்.

"அவர் டவுன்ல இருந்தவர். தோட்டத்துக்குள்ள போயிருக்க மாட்டார்" என்று அவரே சொல்லி, கோப்பை மூடி நீட்டினார்.

7

பொய் சொன்னால் அதைத் தொடர்ந்து காப்பாற்ற வேண்டும் என்பார்கள். இது என்னைக் கேட்காமல் தானே வளர்ந்தது. அடுத்த ஆண்டு பம்மல் பக்கம் ஒரு பள்ளி கேட்டது. மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலையின் குடும்ப விழாவில், நட்டும் போல்ட்டும் செய்கிறவர்களின் பிள்ளைகள் பால் வெட்டினார்கள். தேன்மொழி வளர்ந்து முறைப்படி நாட்டியம் படித்து, பொழிச்சலூரில் ஒரு பள்ளியில் ஆசிரியையாகி, அங்கே நூறு பேருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, இப்போது எங்கள் பள்ளிக்கே வந்திருக்கிறாள். ஈப்போவுக்குக் குழுவை அழைத்து வரப்போவது அவள்தான்.

சென்ற வாரம் ஒத்திகை பார்க்கப் போனேன். மூன்றாவது சுற்றில் ஆறு மரங்களும் ஒரே நேரத்தில் வலது காலைத் தூக்கி இடது கெண்டைக்காலைச் சொறிந்தன.

"இது என்ன தேன்மொழி?"

"மரம் சொறியறது சார்."

"மரம் எதுக்குச் சொறியணும்?"

"நீங்கதான சார் கம்போஸ் பண்ணீங்க? ஃபர்ஸ்ட் டைம் ஆடினப்ப மூணாவது ரவுண்டுல சொறிஞ்சுது. எனக்கு நல்லா ஞாபகம் கீது."

ஏரிக்கரைக் கொசு கடித்து ஒரு பையன் சொறிந்தான் என்று நான் சொல்லிப் பார்த்தேன். அவள் நம்பவில்லை. அதற்கு ஏதோ உள்ளர்த்தம் உண்டு என்றும் எனக்கு வயதாகிவிட்டதால் மறந்துவிட்டது என்றும் பிள்ளைகளிடம் மெதுவாகச் சொன்னாள். பிறகு நான் உளி இழுத்துக் காட்டியபோது, "சார், முதல்ல லெஃப்ட் கால். அதான் ட்ரெடிஷன்" என்று திருத்தினாள். நான் வலது காலை வைத்திருந்தேன்.

முதல் 'தோலாக்' முடிந்ததும் விளக்கணைக்க ஓர் ஆளை நியமித்திருக்கிறார்கள். சபையில் சிலரைப் பிடித்து "ஓ" என்று கத்தச் சொல்லவும் ஏற்பாடு.

8

இப்போது உங்கள் பங்கு.

பழைய அதிகாரி ஓய்வு பெற்றுவிட்டார். புதியவர் பொன்னாடையை மடித்துத் திருப்பிக் கொடுக்கிறவர். அவர் என் கோப்பைப் படித்துவிட்டுக் கேட்டது ஒன்றுதான்: இந்த நடனம் மலேசியாவில் இருக்கிறது என்பதற்கு அங்கிருந்து ஓர் அத்தாட்சி. கோதண்டம் பக்கத்தில் இருந்தார். "எங்க பசங்க அங்கயே போய் ஆடப் போறாங்க சார். அந்த ஊரு பேப்பர்லயே போடுவான். வெட்டிக் கொண்டாந்து குடுக்கறேன்" என்று சொல்லிவிட்டு, வெளியே வந்து என் தோளைத் தட்டினார். அந்த வாரமே ஈப்போவில் மண்டபம் பிடித்து அழைப்பிதழும் அடித்துவிட்டார். என் கடவுச்சீட்டு இப்போது அந்த மேசையில் உட்கார்ந்திருக்கிறது. அதனால் என்னால் வரமுடியாது. வந்தாலும் திரை மறைவில்தான் நின்றிருப்பேன்.

நிர்மலாவுக்குப் பதினெட்டு வயது. கல்லூரிக்குப் போகிறாள். மலேசியாவை 'உங்க ஊரு' என்பாள். 'நம்ம ஊரு' என்று நான் திருத்தினால், "என் ஊரு பீர்க்கன்கரணைப்பா" என்பாள். செய்தி கேட்டதும் அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். "மாட்டிக்கினா உன்ன அனுப்பிடுவாங்களா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போய்க் குழுவின் டார்ச்சுகளுக்கெல்லாம் புது பேட்டரி போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். நான் 'மாட்டிக்கினா' என்பதைத் திருத்தவில்லை.

ஆகவே, விளக்கு அணைந்தால் யாரும் எழுந்து பொத்தானைத் தேடவேண்டாம். மரங்கள் சொறிந்தால் சிரிக்க வேண்டாம். சிறுமிகள் 'தள்ளு, இழு' என்று பாடும்போது, முடிந்தால் கூடவே பாடுங்கள். புகைபிடிக்கிறவர்கள் அந்த இடத்தில் மட்டும் எழுந்து வெளியே போகாமல் இருந்தால் நல்லது. முடிந்ததும் பிள்ளைகள் வந்து, "இப்படித்தான அங்கிள் ஆடுவீங்க?" என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லுங்கள். நிருபர் யாராவது வந்தால் அவரிடமும் அதையே சொல்லுங்கள். அம்மாக்களை நினைத்துக்கொண்டு சொன்னால் பொய் சொன்னதுபோலவும் இருக்காது.

ஒருவரை மட்டும் என்னால் கேட்டுக்கொள்ள முடியவில்லை. என் அம்மா வருகிறார். முன்வரிசையில் இடம் போட்டிருக்கிறார்கள். தொலைபேசியில் விஷயத்தைச் சொல்லப் பார்த்தேன். "ஒன் ஸ்கூலு புள்ளைங்க நான் செஞ்ச வேலைய ஆடுதுங்களா?" என்றார். பிறகு, "காண்டாவ எந்தத் தோள்ல வைக்குதுங்க?" என்றார்.

"வலது."

"தப்பு" என்றார்.

எனக்கு அவரைத் தெரியும். மூன்றாவது சுற்றுக்குள் எழுந்துவிடுவார். செருப்பைக் கழற்றிவிட்டு மேடையேறி, பாதி நடனத்தில், இருட்டில், ஒரு பிள்ளையின் கம்பைப் பிடுங்கி, எப்படி வைப்பது என்று காட்டப் போகிறார். தயவுசெய்து யாரும் தடுக்க வேண்டாம். எங்கள் பள்ளியின் அடுத்த ஆண்டு விழாவில் பாருங்கள், மூன்றாவது சுற்றில் முன்வரிசையிலிருந்து ஒரு கிழவி எழுந்து மேடையேறுவதையும் தேன்மொழி நடனத்தில் சேர்த்திருப்பாள்.